கடைக்குட்டியின் பெயர்

கீழ்வெண்மணியில் எரிந்துபோன 44 பேரில் ஒருத்தி என் அப்பாயிக்குத் தங்கை முறை. அப்பாயியின் சித்தி மகள், அந்த வீட்டின் கடைக்குட்டி. அவள் பெயர் எனக்குத் தெரியாது. அப்பாயி உயிரோடு இருந்தவரை நான் கேட்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அவளாகச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் பேச்சை மாற்றியவள் நான். அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு எனக்கு ஐந்து வயது. எங்கள் ஊர் திருவாரூர்ப் பக்கம். அன்று திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாமே ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம்தான். வரப்பு வழியாக நடந்தால் வெண்மணிக்கு அரைநாள் ஆகும். மறுநாள் விடிந்ததும் சேதி வந்தது. அப்பாயி இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு தலைவிரிகோலமாக ஓடியதும், பொழுது சாய்ந்து திரும்பி வந்து கிணற்றடியில் உட்கார்ந்து சேலையின் சேற்றை அலசிக்கொண்டே இருந்ததும் நினைவிருக்கிறது. சேறு போன பிறகும் அலசினாள். போலீஸ் உள்ளே விடவில்லை என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வருஷத்திலிருந்து டிசம்பர் 25 அன்று இருட்டிய பிறகு அப்பாயி அடுப்பு மூட்டமாட்டாள். மாலை நான்கு மணிக்கே சோறு வடித்து, கொள்ளியை இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவாள். விளக்கைக்கூட அடுத்தவர்தான் ஏற்றவேண்டும். கடைசிக் காலத்தில் சென்னையில் எங்களோடு இருந்தபோதும் அப்படித்தான். கேஸ் அடுப்பின் திருகை அவளே மூடிவிட்டு, சமையலறை வாசலில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொள்வாள். மாடி வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் அன்று கேக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு வருஷம் அந்த அம்மாவே வந்து, “பாட்டி ஏன் இப்படி வாசல்ல படுத்திருக்காங்க?” என்று கேட்டார். “மார்கழி விரதம்” என்று சொன்னேன். அப்பாயி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். அடுத்தடுத்த வருஷங்களில் அந்த அம்மா, “இன்னிக்குப் பாட்டிக்கு விரதமாச்சே” என்று அவராகவே சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை சொன்ன பொய் அதன்பின் தானாகவே நடந்தது.

ஏன் மறைத்தேன் என்றால், வெண்மணியில் என் சொந்தம் செத்தது என்று சொன்ன நிமிஷமே நான் யார் என்று தெரிந்துவிடும். அங்கே எரிந்தவர்கள் சேரி மக்கள் என்பது தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரியும். என் பணிப்பதிவேட்டில் சாதி இருந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை. “தஞ்சாவூர்ல எந்தப் பக்கம்?” என்றால், “கும்பகோணம் பக்கம்” என்பேன். கும்பகோணத்தில் எனக்கு யாரும் இல்லை. அது கேட்பதற்குக் கோயில் மணியும் காபி வாசனையுமாக இருக்கிற ஊர், அதனால் சொன்னேன். வாடகைக்கு வீடு தேடி அலைந்த காலத்தில் “நீங்க எந்த ஆளுங்க?” என்று கேட்ட வீட்டுக்காரர்களை மனசில் வைத்துக்கொண்டு என் மௌனத்துக்கு நியாயம் கற்பித்திருக்கிறேன். பின்னாளில் சொந்த வீடு வாங்கினோம். கேள்வி கேட்க வீட்டுக்காரர் யாரும் இல்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. 1990-களின் நடுவில், ஒரு டிசம்பர் மாதம். அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டு மேசையில் யாரோ கொண்டுவந்த பத்திரிகையில் வெண்மணி நினைவுநாள் பற்றி ஒரு பத்தி வந்திருந்தது. என்னைவிடப் பதவியில் மூத்தவர், எனக்கு நிறைய உதவியவர், அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும்மா. கட்சிக்காரன் தூண்டிவிட்டான், இதுங்க ஆடுச்சுங்க.” என் டப்பாவில் புளிச்சோறு. கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது. நான் தலையாட்டினேன். தலையசைப்பு என்று யாரும் கவனிக்காத அளவுக்குச் சின்னதாகக்கூட இல்லை, நன்றாகவே ஆட்டினேன். “ஆமா சார், பாவம்” என்றும் சொன்னேன். யார் பாவம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ‘இதுங்க’ என்ற சொல்லுக்குள் அப்பாயியும் இருந்தாள், அவள் தங்கையும் இருந்தாள், அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நானும் இருந்தேன்.

அவர்கள் எதற்காக ‘ஆடினார்கள்’ என்பது எனக்குத் தெரியாததல்ல. கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். தஞ்சைப் பண்ணைகளில் சாணிப்பாலும் சவுக்கடியும் வழக்கமான தண்டனைகளாக இருந்த காலத்தை அப்பாயி கண்ணால் பார்த்தவள். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து சங்கம் கட்டிய பிறகுதான் அடித்தால் திருப்பிக் கேட்கலாம் என்று ஒரு எண்ணமே வந்தது என்பாள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1960-இலிருந்து தஞ்சாவூரில் தீவிர விவசாயத் திட்டம் நடந்தது. ஆடுதுறை-27 நெல் வந்து குறுவை மகசூல் கூடியது. களத்துமேட்டில் குவியல் உயர்ந்ததை அறுத்தவர்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? கூலியை உயர்த்திக் கேட்டார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தார்கள், வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்தார்கள். செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். வெண்மணிக்காரர்கள் இறக்கவில்லை. அன்றிரவு தாக்க வந்தவர்களுக்குப் பயந்து பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும் ராமையா என்பவரின் குடிசைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். வந்தவர்கள் வெளியே தாழிட்டுத் தீ வைத்தார்கள். ஒரு கட்டிலும் அடுப்பும் போட்டால் நிறைந்துபோகிற குடிசை. அதற்குள் 44 பேர்.

அது நடந்தபோது அண்ணா முதலமைச்சர். விவசாயக் கூலிப் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைத்தார்கள், 1969-இல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970-இல் பண்ணையார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. நிலபுலனும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதே இரவில் பண்ணையார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் வெண்மணித் தொழிலாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. 1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த அன்று அப்பாயி எதுவும் பேசவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. “போனவ வரப்போறாளா?” என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதினேழு வயது. ‘போனவ யாரு, அவ பேரு என்ன?’ என்று அப்போது கேட்டிருந்தால் போதும். பரீட்சைக்குப் படிக்கவேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

கல்லூரி விடுதியில் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலைப் படித்தேன். வெண்மணியை வைத்து எழுதப்பட்டு, சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அட்டையை நாளிதழால் சுற்றி வைத்துப் படித்தேன். பக்கத்துக் கட்டில் பெண் பார்த்தால் ஏன் இதைப் படிக்கிறாய் என்று கேட்டுவிடுவாளோ என்று. அந்த நாவல் அவ்வளவு பெரிய கொடுமையை ஒரு நிலக்கிழாரின் உடற்குறையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது என்று அந்தக் காலத்திலேயே சண்டை நடந்தது. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. கூலிச் சண்டையை ஒருவனின் அந்தரங்கமாகச் சுருக்கினால் எரிந்தவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்பது கரைந்துபோகிறது. ஆனால் இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? இந்திரா பார்த்தசாரதி வெண்மணியை எழுதினார். வெண்மணியில் சொந்தம் இருந்த நான் அட்டையை மறைத்தேன்.

1999-இல் என் மகள் நான்காம் வகுப்பு. பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். பெரிய சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்தாள். அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். இரும்பு உரலில் உலக்கை விழும் சத்தம் நடுநடுவே நின்றது, அவள் பெயர்களைச் சொல்லச் சொல்ல. அம்மா பேரு, அப்பா பேரு, கூடப் பிறந்தவர்கள், வயலில் பாம்பு கடித்துச் செத்த அண்ணன். மகள் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். எனக்கு வாய்ச்சொல்லாகக்கூடத் தெரியாத பெயர்கள் எல்லாம் வந்தன. அப்புறம் அப்பாயி சொன்னாள்: “எங்க சித்திக்கு நாலு பொண்ணு. கடைக்குட்டிய வெண்மணியில குடுத்திருந்துச்சு. அவ பேரு…”

“அப்பாயி, காபி ஆறுது” என்றேன்.

சமையலறையிலிருந்து அல்ல. அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு சொன்னேன். காபி அவள் கையருகிலேயே இருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. மகளின் பென்சில் காகிதத்திலிருந்து எழும்பி நின்றது. அப்பாயி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பிறகு உலக்கையை எடுத்து ஏற்கெனவே மசிந்திருந்த வெற்றிலையை இடிக்க ஆரம்பித்தாள். சார்ட்டில் சித்தி என்ற கட்டத்துக்குக் கீழே மூன்று பெண்கள் மட்டும். திங்கட்கிழமை அது பள்ளிக்குப் போனது. ஆசிரியர் நட்சத்திரம் ஒட்டி அனுப்பினார்.

2001-இல் அப்பாயி போய்விட்டாள்.

பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ ஆவணப்படம் 2005-இல் வந்தது. ஒரு திரையிடலுக்குப் போனேன். கடைசி வரிசை, கதவோரம். தப்பித்தவர்கள் பேசினார்கள். அவர்கள் பேச்சில் எங்கள் வீட்டுத் தமிழ், அப்பாயியின் ‘வந்துச்சு’கள். படம் முடிந்து, அந்தப் பகுதியிலிருந்து வந்திருப்பவர்கள் யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்றார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன். அழுததை இங்கே எழுதுவதற்குக் கூசுகிறது, ஏனென்றால் அழுகையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் தேட ஆரம்பித்தேன். 2018, ஐம்பதாவது நினைவு ஆண்டு. அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 16-இல், கஜா புயல் நாகை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. வழியெல்லாம் தென்னைகள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன, கூரை போன வீடுகள் தார்ப்பாய் போர்த்தியிருந்தன. அவ்வளவு நொந்திருந்த ஊர்களிலிருந்தும் செங்கொடியோடு வண்டி வண்டியாக வந்திருந்தார்கள். நினைவிடத்தில் 44 பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. மறுபடி வரிசையில் நின்று வந்து படித்தேன். இதில் எந்தப் பெயர் அவளுடையது? நான் அறிந்தது ‘கடைக்குட்டி’ என்ற ஒரு சொல். அது பெயரே அல்ல, கூப்பிடுவது. கல்லில் இருப்பது பெயர். இரண்டையும் சேர்த்துச் சொல்ல இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே ஆள், ஆறாத காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தவள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். “எங்க அப்பாயியோட தங்கச்சி இங்க வாக்கப்பட்டிருந்துச்சுங்க ஐயா. அந்த ராத்திரியில போயிடுச்சு.” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியா தாயி? யாரு வூட்டுல குடுத்திருந்துச்சு? புருஷன் பேரு என்ன?” தெரியாது என்றேன். “அதுக்குப் புள்ளைங்க உண்டா?” தெரியாது. “எந்த ஊர்லேருந்து வந்த பொண்ணு?” அப்பாயியின் சித்தி எந்த ஊரில் இருந்தாள் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. “நான் அப்ப சின்னப் பையன் தாயி. தெரிஞ்ச சனங்க எல்லாம் போயிட்டாங்க. முன்னாடியே வந்திருக்கலாமுல்ல?” என்றார். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதற்குப் பிறகு காகிதங்களில் தேடினேன். நிலம் உள்ள குடும்பத்துக்கு மூதாதையரைத் தேடுவது சுலபம். பட்டா இருக்கும், கிரயப் பத்திரம் இருக்கும், பாகப்பிரிவினையில் அத்தை சித்தி எல்லாம் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார்கள். எங்களுக்கு நிற்கிற இடமே மிராசுதாருடையது. குடிசை போட்டிருந்த மனைக்கு உரிமை தரும் குடியிருப்புச் சட்டம் 1971-இல்தான் வந்தது, அவள் செத்து மூன்று வருஷம் கழித்து. பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. கூலிக் கணக்கில் ஆம்பிளை பெயர்தான், பெண் அவன் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள். எங்கள் சனங்களின் பெயர்கள் முழுசாக ஏதாவது அரசாங்கத் தாளில் ஏறியது என்றால் அது பெரும்பாலும் போலீஸ் கேஸில்தான். வெண்மணிப் பெண்களும் அப்படித்தான் ஏறினார்கள், செத்தவர்கள் பட்டியலில்.

மற்றபடி எங்கள் வம்சாவளி முழுக்கப் பெண்களின் வாயில் இருந்தது. யார் யாருக்கு என்ன முறை, எந்த வீட்டில் எடுத்தது, எங்கே கொடுத்தது என்று சாவு வீட்டிலும் நடவிலும் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வந்தார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் என் ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி இருந்தாள், ஒப்பாரிக்குப் பேர்போனவள். அவளைத் தேடிப் போனேன். அவளுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. வெண்மணி என்றதும் மட்டும் கையைத் தரையில் தட்டித் தட்டி ராகம் இழுத்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். ‘கூடப் பொறந்தவளே’ என்று வந்தது, ‘கொழுந்தே’ என்று வந்தது. எங்கள் ஒப்பாரியில் உறவுதான் வரும், பெயர் வராது. பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் பாட்டில் வைக்கவில்லை.

அடுத்து மகளிடம் சொல்லவேண்டியிருந்தது. அதைத்தான் மிகவும் தள்ளிப்போட்டேன். அவளுக்கு வெண்மணி தெரியும், புத்தகங்களில் படித்திருக்கிறாள். ஒரு டிசம்பர் 25-இல் அவளே போனில் அதைப் பற்றிப் பேசியபோது ‘உம்’ கொட்டினேன். போன மாதம் ஒரு இரவு, போனில் எல்லாவற்றையும் சொன்னேன். விரதம் என்று சொன்னது, கும்பகோணம் என்று சொன்னது, சாப்பாட்டு மேசையில் தலையாட்டியது. தலையாட்டியதைச் சொல்லும்போது குரல் எழும்பவில்லை. இரண்டுமுறை சொல்லவேண்டி வந்தது. கடைசியில் குடும்ப மரம், காபி.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“எனக்கு அது ஞாபகம் இருக்கும்மா” என்றாள். “நீ காபின்னு சொன்னது. நீ அப்புறம் குளிக்கப் போயிட்டே. நான் கொள்ளுப்பாட்டிகிட்ட போய், நாலாவது பொண்ணு பேரு சொல்லுங்க, இடம் விட்டு வெச்சிருக்கேன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“உங்கம்மாவுக்குப் புடிக்கல, வேணாம் சாமின்னுட்டாங்க.”